இடம் பிடித்த கூந்தல்

கொடிமரத்துறையில் கில்டாவின் முடி மொத்தமும் ஒரே காலையில் உதிர்ந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. பெரியாஸ்பத்திரியில் புற்றுநோய்க்குச் சிவப்பு மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு முடி உதிரும் என்று நர்சம்மா முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். உதிர்ந்த முடி பாயிலிருந்து எழுந்து, சோம்பல் முறித்து, தன்னைத் தானே ஒரு கொண்டையாகச் சுருட்டிக்கொண்டு, வாசல்படி தாண்டித் தெருவில் இறங்கி நடந்ததைத்தான் ஊர் நின்று பார்த்தது, அதுவும் கொஞ்ச நேரம்தான், ஏனென்றால் அன்றைக்குக் கரையில் சாளை மீன் நிறையப் பட்டிருந்தது, சாளைக்கு ஐஸ் போடாமல் முடியைப் பார்த்துக்கொண்டு நின்றால் யார் வீட்டு உலை கொதிக்கும்.

"போற மூதி போகட்டும்" என்றாள் கில்டா, மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே. "தேங்காயெண்ணெய் மிச்சம்."

முழங்காலைத் தொடும் முடி அது. சண்டைக்கு வரும்போது கில்டா கொண்டையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டுதான் வருவாள், அதைப் பார்த்தாலே எதிராளி பாதி தோற்றுப்போவாள். அப்படிப்பட்ட முடி எஜமானி இல்லாமல் தனியாகக் கிளம்பினால் சும்மாவா இருக்கும். நேராகக் கடற்கரைக்குப் போனது, மீன் ஏலம் போடும் கஸ்பாரின் காலடியில் உட்கார்ந்தது, அவர் காலை உதற உதற முழங்காலில் ஏறி, மடியில் ஏறி, கடைசியில் ஒரு கற்றையை நீட்டி அவர் கன்னத்தைத் தொட்டது.

கஸ்பார் வாயில் புகையிலை இல்லாமல் யாரும் பார்த்ததில்லை, பூசைக்கு வந்தாலும் ஒரு பக்கக் கன்னம் வீங்கித்தான் இருக்கும். "முடி ஒண்ணு வந்துருக்கு, யாரு கேக்கா, யாரு கேக்கா" என்று அதையே ஏலம் போட்டுப் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள், அவர் பெண்டாட்டி மட்டும் சிரிக்கவில்லை. மாதா திருவிழாவிலிருந்து இந்த மனுசன் குழம்பு மீனைத் தண்ணீரில் கழுவித் தின்கிறார், வாயைப் பெரிதாகத் திறக்க முடியாமல் இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தள்ளுகிறார் என்பது அவளுக்குத்தான் தெரியும். தாடையைப் பிடித்துத் திறந்து பார்த்தால், கன்னத்துக்குள்ளே சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக ஒரு திட்டு, நடுவில் ஆறாத புண். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றிவிட்டாள். வெட்டினார்கள், கதிர் பாய்ச்சிக் கரண்டு வைத்தார்கள், திரும்பி வந்தவருக்கு எச்சில் ஊறவில்லை, ருசி தெரியவில்லை, பேச்சு கொழகொழத்தது, ஆனால் ஆள் வந்துவிட்டார், கையை ஆட்டியே ஏலம் போட்டார். முன்னைவிட இது நல்லா வெளங்குது என்றார்கள் வியாபாரிகள்.

அடுத்து முடி கோயிலுக்குள் போனது. ஞாயிறு பூசையில், பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போது, நடுப்பாதையில் மெதுவாக நகர்ந்து போன அந்தக் கூந்தலைப் பார்த்து மாதா சபைப் பெண்கள், முக்காடு போடாமல் முடி பீடத்துக்கிட்ட போகலாமா கூடாதா என்று குசுகுசுவென்று சண்டை போட்டார்கள். தலையே இல்லாத முடிக்கு முக்காட்டை எங்கே போடுவது என்று ஒருத்தி கேட்டதும் சண்டை நின்றது. முடி போய் ரொமால்டு சாமியின் செருப்பின் மேல் படுத்துக்கொண்டது. சாமி கொஞ்ச காலமாகவே பிரசங்கத்தை நடுவில் நிறுத்திவிட்டு உள்ளறைக்கு ஓடுவார், சொட்டுச் சொட்டாகப் போய்விட்டு வருவார், அது பரிசுத்த ஆவியின் ஏவுதல் என்று ஊர் நம்பியிருந்தது. சாமி முடியைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். "இன்னைக்கு இத்தோட போதும்" என்றார். பிரசங்கம் சுருங்கியதுதான் முடி செய்த முதல் புதுமை என்று ஆண்கள் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். டாக்டர் அவருக்குப் பிராஸ்டேட் என்றும், மெல்ல வளருகிற சாதி என்றும், மாத்திரையோடு அடிக்கடி வந்து காட்டினால் போதும் என்றும் சொல்லியனுப்பினார்.

முடி உட்கார்ந்த எல்லாருக்கும் அந்த நோய்தான் என்றில்லை. டீக்கடை சூசைக்கு வருசக்கணக்காக வெளிக்குப் போகும்போது ரத்தம், சூடு என்று சொல்லி மோரைக் குடித்தே காலத்தைத் தள்ளியவர், முடி பாய்லர் மேல் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். பின்பக்கமாகக் கேமரா விட்டுப் பார்த்ததில் வெறும் மூலம். அந்தச் சந்தோசத்தில் ஊருக்கே ஓசி டீ கொடுத்தார், கூடவே கேமரா எவ்வளவு தூரம் போனது, எங்கே திரும்பியது என்று விலாவாரியாகச் சொன்னார், ஒருத்தராலும் டீ குடிக்க முடியவில்லை. சத்துணவு டீச்சர் ஃபிலோமிக்கு மாசாந்திரம் நின்று வருசம் பல ஆன பிறகு மறுபடி கறை பட்டது, வயசு திரும்புது என்று வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள், முடி அவள் சேலைக் கொசுவத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போனது. கர்ப்பப்பையை எடுத்தார்கள். பிழைத்தாள்.

இப்படியாக ஊர் முடியோடு வாழப் பழகியது. பெண்கள் வாசலில் சிரட்டையில் எண்ணெய் வைத்தார்கள். பிள்ளைகள் அதற்குச் சீப்பு காட்டினார்கள். டவுனிலிருந்து சவுரி வியாபாரி ஒருத்தர் தராசோடு வந்து விசாரித்தார், முடி அவர் முகத்தில் ஓங்கி ஓர் அறை விட்டது. லாஞ்சு வைத்திருக்கிற பெரிய வீட்டுக்காரி மட்டும், "எல்லா வீட்டுக்கும் போவுது, எங்க வீட்ட எட்டிப் பாக்கல. நாங்க என்ன கொறைஞ்சு போயிட்டோம்?" என்று பங்குக் கமிட்டியில் புகார் சொன்னாள்.

இவ்வளவு கூத்தையும் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் அமலோற்பவம். மீன் சந்தையில் எல்லாருக்கும் அவள் அமலி.

அந்தப் பூவரச மரத்தடி இருக்கிறதே, அது சாதாரண இடமில்லை. சந்தையில் அது ஒன்றுக்குத்தான் நிழல், டவுன் வியாபாரிகள் வண்டியை விட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுகிறதும் அதுதான். அது கில்டாவின் இடம். கொடிமரத்துறைச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு: ஒருத்தியின் இடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காலியாகக் கிடந்தால் பக்கத்தில் இருக்கிறவள் சரிந்து அதில் உட்காரலாம், அவளுக்கு அடுத்தவள் அவள் இடத்துக்குச் சரியலாம். சரிந்து உட்கார்ந்தவளை எழுப்பச் சாமியாராலும் ஆகாது. கில்டா மார்பை அறுக்க ஆஸ்பத்திரிக்குப் போன வாரம், அமலி சரிந்தாள்; அவள் விட்ட இரண்டாம் இடத்தில் பாதி வெயில் என்பதால் அதற்கு எவளும் சரியவில்லை. அது மட்டுமில்லை, கில்டா கை பட்ட மீனை வாங்கினால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ கிளப்பிவிட்டபோது, அப்படியெல்லாம் ஒட்டாது என்று அமலிக்குத் தெரிந்திருந்தும் வாயைத் திறக்கவில்லை. வியாபாரம் நன்றாக நடந்தது.

அமலிக்கும் ஒன்று இருந்தது. இடது மார்பில், அக்குளை ஒட்டி, நெல்லிக்காய் போல. குளிக்கும்போது கையில் பட்டது. அவள் பயப்படவில்லை. காலமெல்லாம் மீன் பார்க்கிற கை அது, வேறு எப்படிப் பார்க்கும்? கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். குழி விழவில்லை. கெட்டியாக இருந்தது. மோந்து பார்க்க வழியில்லை, ஆனால் நாற்றம் எதுவும் வரவில்லை. வலிக்கவும் இல்லை. அமுங்கினால், நொதுநொதுத்தால், நாறினால்தான் கெட்டது; இது நல்ல சரக்கு என்று தீர்மானம் பண்ணி ரவிக்கையை மாட்டிக்கொண்டாள். நாளாக நாளாக அந்த இடத்தில் தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக உள்ளே இழுத்தது. தோலைப் பற்றி மீன் கணக்கில் ஒன்றும் சொல்லப்படவில்லை, ஆகவே அமலியும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம், வெயில் மூளையை உருக்குகிற நேரம், முடி சந்தைக்குள் வந்தது. பெண்கள் எல்லாரும் சேலையை இழுத்துக் காலை மூடினார்கள். அது எவளையும் பார்க்காமல் நேராகப் பூவரச மரத்தடிக்கு வந்து அமலியின் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் அமர்ந்தது.

சந்தை வியாபாரத்தை விட்டுத் திரும்பிப் பார்த்தது. அமலிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, ஆனாலும் மீன்காரி நாக்கு எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கும்.

"என்னட்டி பாக்கிய? இது கில்டா இடம்லா. பழைய எடத்தத் தேடி வந்துருக்கு, நாய் வரலயா, பூனை வரலயா, அது மாதிரி" என்றாள்.

சரிதான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அமலியும் தன் பேச்சைத் தானே நம்பினாள், சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் வரை. கிளம்பியபோது முடியும் எழுந்து பின்னாலேயே வந்தது. இடத்தைத் தேடி வந்த முடி இடத்தை விட்டு ஏன் வருகிறது என்று யோசிக்க அவள் விரும்பவில்லை. பெட்டிக்குள் போட்டு மூடினாள், மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது. கல்லைக் கட்டிக் கடலில் எறிந்தாள், மறுநாள் காலையில் நனைந்து, பாசி ஒட்டி, ஒரு நண்டையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றது. அவள் புருசன் தொம்மை, பேச்சைக் காசு கொடுத்து வாங்குகிற மாதிரி பேசுகிறவர், நண்டை எடுத்துக் குழம்புக்கு வைத்துவிட்டு முடியைத் துவட்டி வெயிலில் போட்டார்.

"அத எதுக்குத் துவட்டுதிய?"

"சளி பிடிக்கும்."

அன்றைக்கு அது அமலியின் மடியில் ஏறியது. மடியிலிருந்து, ஒரே ஒரு இழையை நீட்டி, இடது பக்கம் ரவிக்கையின் மேல் வைத்தது. தொம்மை பார்த்தார். அவர் கேட்காததுதான் அமலிக்குத் தாங்கவில்லை. முடியைக் கோழியைப் பிடிப்பது போல ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வெயிலென்றும் பாராமல் கில்டா வீட்டுக்கு நடந்தாள்.

கில்டா வாசலில் முருங்கை நிழலில் உட்கார்ந்து தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்தாள். புருவம்கூட இல்லை. நகமெல்லாம் கறுத்திருந்தது.

"ஏ கில்டா! ஒன் முடிய ஏவி விட்டு எடத்தப் பிடுங்கப் பாக்கியா? இந்தா, ஒன் மயிரு. நீயே வச்சுக்க!"

"தள்ளி நில்லுட்டி. மீன் நாத்தம் கொடலப் பொரட்டுது." கில்டா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "மருந்து ஏத்துனதுலருந்து மீன் வாடை ஆக மாட்டேங்கு. மீன்காரிக்கு மீன் ஆகல. கடவுளுக்கு எம்புட்டு லொள்ளு பாத்தியா."

அமலி முடியைக் கீழே போட்டாள். அது எஜமானியைக் கண்டுகொள்ளாமல் அமலியின் காலடியிலேயே சுருண்டது. கில்டா அதைப் பார்த்தாள். அப்புறம் அமலியின் முகத்தைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பக்கம்?"

"எது எந்தப் பக்கம்? எனக்கு ஒண்ணும் கெடையாது."

"கட்டவெரல வச்சு அமுக்கிப் பாத்தியா?"

அமலியின் கை தானாக இடது பக்கம் முந்தானையை இழுத்து மூடியது.

"குழி விழல. கெட்டியா இருந்துச்சு. நாறல. வலிக்கல. நல்ல சரக்குன்னு நெனச்சுக்கிட்ட." கில்டா சிரித்தாள், சிரிப்பில் ஒரு பல்லும் குறைந்திருந்தது. "ஏ மூதி, நானும் அப்படித்தான் பாத்தேன். ஒரு வருசம் அமுக்கி அமுக்கிப் பாத்து, ஆகா முதல் தரம்னு சந்தோசப்பட்டுட்டு இருந்தேன். டாக்டரம்மாட்ட போயி இதச் சொன்னப்ப அந்தம்மா தலையில அடிச்சுக்கிடுச்சு. கெட்டியா, வலிக்காம, நகராம இருந்தாத்தான் ஓடி வரணுமாம். நான் வந்த லெச்சணத்துக்கு முழுசா எடுக்க வேண்டியதாப் போச்சு."

சொன்னவள், தெரு என்றும் பாராமல் முந்தானையை விலக்கினாள். ஒரு பக்கம் வலை தைத்தது போல நெடுகத் தையல், மற்றப்படி பலகை. அமலி கண்ணை எடுக்கவில்லை.

"கத்தி பட்டா பரவிரும்னு சொல்லுதாவ" என்றாள், குரல் இறங்கிவிட்டது.

"கத்தி படாம இருந்தாத்தாம்ட்டி பரவும்."

"மருந்து ஏத்துனா?"

"வாந்தி வரும். வாயெல்லாம் புண்ணாகும். தண்ணி குடிச்சா ஆணியச் சப்புன மாதிரி இருக்கும். மூத்திரம் செவப்பாப் போவும், நான் செத்தேன்னு கத்துனேன், நர்சு வந்து மருந்து நெறம்தான் போய்ப் படுங்கன்னா. கட்டில விட்டு எறங்கணும்னா கடலத் தாண்டுத மாதிரி இருக்கும். அப்புறம் சரியாவும். அடுத்த ஊசி வரும், மறுபடி மொதல்லருந்து."

அமலி நெஞ்சில் கிடந்ததைக் கேட்டே விட்டாள்.

"நான் போயிட்டா என் எடம் போயிருமே, கில்டா."

கில்டா அண்ணாந்து பார்த்தாள். "யாரு எடம்?"

அமலி காலடியில் சுருண்டு கிடந்த முடியைக் குனிந்து பார்த்தாள்.

"என் எடத்துல சரிஞ்சு உக்காந்துட்டு, எங்கிட்டயே வந்து என் எடம்ங்க. ஒன் தைரியத்துக்கு அந்தக் கட்டியே பயந்து செத்துப் போவும், போ, டாக்டரம்மாட்ட போய்க் காட்டுட்டி."

அமலி போனாள். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள், அதுதான் என்றார்கள். ஆனால் கில்டாவுக்கு இருந்த அளவுக்கு முற்றவில்லை. முதலில் மருந்தை ஏற்றிக் கட்டியைச் சுருக்கி, அப்புறம் அறுத்து, கடைசியில் கரண்டு வைக்கலாம் என்று டாக்டரம்மா விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். அமலிக்கு மூன்றில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. வர ஞாயிற்றுக்கிழமை சந்தையில் யார் சரிவாள் என்பதுதான் ஓடியது.

முடி உதிரும் நாளை ஊரே எதிர்பார்த்திருந்தது. அமலியின் முடி எங்கே போகும், யார் மடியில் உட்காரும் என்று டீக்கடையில் பந்தயம்கூட நடந்தது. உதிர்ந்தது. பாயில் கிடந்தது. காலையில் கிடந்தது, மத்தியானம் கிடந்தது, சாயங்காலம் தொம்மை முறத்தில் அள்ளிக் குப்பையில் போட்டார்.

"ஒன்ன மாதிரியே சோம்பேறி முடி" என்றாள் பார்க்க வந்த கில்டா.

அவள் அடிக்கடி வந்தாள். மீன் வாடை பழகி, பாதி நாளாவது சந்தைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். ஒருமுறை ஊசி போட்ட அடுத்த வாரம் அமலிக்கு உடம்பு கொதித்தது. சுக்குத்தண்ணி குடிச்சாத் தணியும் என்று அமலி போர்த்திக்கொண்டு படுத்தாள். கில்டா போர்வையை உருவி எறிந்தாள். "மருந்து ஏத்துன ஒடம்புல எதுத்து நிக்கச் சத்து கெடையாதுட்டி, காய்ச்சல் வந்தா கசாயம் போடாத, ஓடியாந்துருன்னு எங்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்காவ" என்று திட்டிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றினாள். அன்றைக்கு ஏலத்தில் நெய்மீன் மலிவாகப் போனது, கில்டா அங்கே இல்லை. வார்டில் கட்டிலுக்கு அடியில் முந்தானையை விரித்துப் படுத்திருந்தாள்.

வரும்போதெல்லாம் அமலி ஒரே கேள்விதான் கேட்பாள்.

"எடத்துல எவ சரிஞ்சா?"

"ஒருத்தி உக்காந்துட்டா."

"எவ?"

"நல்ல அழகி. வாயே தெறக்க மாட்டா. ஒன்ன விட வியாபாரம் நல்லா நடக்கு."

அமலி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கட்டி சுருங்கியது, அறுத்து எடுத்தார்கள், மார்பில் பாதிக்கு மேல் மிச்சம் வைத்தார்கள். அக்குளில் நெறி கட்டியதையும் எடுத்ததால் இனி இடது கையில் பாரம் தூக்கக் கூடாது, வீங்கிவிடும் என்றார்கள். கரண்டு வைத்த இடம் வெயிலில் காய்ந்த கருவாடாகக் கறுத்து உரிந்தது. எல்லாம் ஆனது. ஆன பிறகும் அமலி சந்தைக்குப் போகாமல் வீட்டைச் சுற்றி வந்தாள். இடம் போனவள் எந்த முகத்தோடு போவாள், எல்லாருக்கும் கடைசியில், கழிவுத்தண்ணீர் ஓடுகிற ஓரத்தில் போய் உட்காரவா. அவள் செய்ததைத்தானே அவளுக்குச் செய்திருக்கிறார்கள்.

ஒரு காலையில் தொம்மை மீன்பெட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். கொடிமரத்துறையில் எந்த ஆம்பளையும் மீன்பெட்டி சுமந்ததில்லை.

"ஊரு சிரிக்கும்" என்றாள் அமலி.

"சிரிக்கட்டும். நட."

ஊர் சிரித்தது. சிரித்துக்கொண்டே வழி விட்டது. அமலி தலையைக் குனிந்துகொண்டு சந்தைக்குள் நுழைந்தாள், பூவரச மரத்தடியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

மரத்தடியில் முடி உட்கார்ந்திருந்தது. எண்ணெய் தேய்த்து, நடு வகிடு எடுத்து, கனகாம்பரம் வைத்து, அமலியின் அரிவாள்மணையை முன்னால் போட்டுக்கொண்டு, மகாராணி மாதிரி. அவள் முதல் ஊசிக்கு பஸ் ஏறிய அன்றைக்கு வந்து உட்கார்ந்ததாம். மழைக்கும் எழவில்லையாம். சரிய வந்த இரண்டொருத்தி, மடியில் ஏறிவிடுமோ என்று வந்த வேகத்தில் திரும்பிவிட்டார்களாம். பக்கத்தில், அமலியின் பழைய இரண்டாம் இடத்தில், கில்டா உட்கார்ந்து சாளைக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள். தலையில் குஞ்சுக்கோழி இறகாட்டம் புது முடி, அதுவும் சுருட்டை.

"நீ சரிஞ்சுருக்கலாம்லா" என்றாள் அமலி.

"சரிஞ்சா வெயில் மாறும். எனக்கு இங்க பழகிட்டு" என்றாள் கில்டா, தலையைத் தூக்காமல்.

அமலி கிட்டே போனதும் முடி எழுந்தது. பூவை உதிர்த்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சந்தையைக் கடந்து, சூசை கடையைக் கடந்து, பஸ் ஸ்டாப்பில் போய் நின்றது. பக்கத்து ஊருக்குப் போகும் டவுன் பஸ் வந்தது. கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார், டிக்கெட் கேட்பதா வேண்டாமா என்று டிரைவரிடம் யோசனை கேட்டார். பொம்பள முடிதானே, ஓசிதான் என்றார் டிரைவர். மூன்றாவது சீட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு போனது.

அமலி இடத்தில் உட்கார்ந்தாள். சூடாக இருந்தது. தொம்மை பெட்டியை இறக்கிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, சிரிக்கிறவர்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

முதல் ஆளாக டவுன் வியாபாரி ஒருத்தன், புதுசாகக் கல்யாணம் ஆனவன், வண்டியை விட்டு இறங்கி வந்தான். ஒரு விளைமீனை எடுத்தான், கட்டைவிரலால் அமுக்கினான்.

"குழி விழல. கெட்டியா இருக்கு. நல்ல சரக்குக்கா."

அமலி கில்டாவைப் பார்த்தாள். கில்டா அமலியைப் பார்த்தாள். முதலில் யார் சிரித்தது என்று சந்தையில் இன்றைக்கும் வழக்கு முடியவில்லை. அமலிக்குத் தையல் போட்ட தழும்பு இழுத்தது, கையால் அமுக்கிக்கொண்டு சிரித்தாள்.

"ஏலே தம்பி" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே, ஆனால் அந்தப் பழைய சந்தைக் குரலில், கடைசி வரிசை வரைக்கும் கேட்க. "இந்தக் கணக்க மீனோட வச்சுக்க. வீட்டுக்குப் போயிப் பொண்டாட்டிட்டயும் கெட்டியா இருக்கு, நல்ல சரக்குன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துராத. பஸ் ஏத்து."